பழைய கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?
சாலை அண்ணாச்சி வீட்டில் ஒரு விவகாரம்

(நமது நிருபர்)

திருவனந்தபுரம்: சாலைக் கடைவீதியில் வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் ஆரியசாலையில் குடியிருக்கிறார். 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதன் முன் அமர்ந்து பற்று வரவு பார்ப்பது அவர் வழக்கம். தமிழ் வழியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் அதே கம்ப்யூட்டர்தான்.

சில மாதங்களாக அது படுத்துகிறது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து வந்தாலும் திரை தெளிவதில்லை. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, மாமா" என்கிறான் மைத்துனர் மகன். "ஓடுற சாமானை எதுக்குத் தள்ளணும்?" என்கிறார் வீட்டம்மாள். "நீங்களே சொல்லுங்க தம்பி, எது லாபம்?" என்று அண்ணாச்சி நம்மைக் கேட்டார்.

இது ஒரு வீட்டுக் கேள்வி மட்டுமன்று. விண்டோஸ் 10-க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்தியது. தனியே பதிவு செய்துகொள்ளும் வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை தருவதாக அறிவித்தது. அடுத்ததான விண்டோஸ் 11-க்கு 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லும், குறைந்தது 4 ஜி.பி. ராம் நினைவகமும் வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. எட்டாம் தலைமுறை வெளிவந்ததே 2017-ல்தான். ஆகவே அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்கு அந்தப் பந்தியில் இடமில்லை.

திருத்தம் நின்றால் கம்ப்யூட்டர் மறுநாளே நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். அது ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடா. பாங்குக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் பார்க்கிற வீட்டில் இது வாசலைத் தாழிடாமல் தூங்குவதற்குச் சமம்.

முதலில் கணக்கு, பிறகு பெட்டி

நாம் பேசிக்கொண்டிருந்தபோதே பெட்டிக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைக் காற்றாடியின் சத்தம் என்றே அண்ணாச்சி எண்ணியிருந்தார். உண்மையில் அது ஹார்டு டிஸ்க்கின் சத்தம். நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுகளின் மேல், மிக நுண்ணிய இடைவெளியில் நகரும் முனைதான் எழுதுகிறது, படிக்கிறது. அது தடுமாறத் தொடங்கினால் இத்தகைய சத்தம் வரும். எப்போது அடியோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இந்தக் கணக்குக்கு வேறெங்காவது நகல் இருக்கிறதா, அண்ணாச்சி?" என்று கேட்டோம். இல்லை. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, ஆற்றிங்கல் கடைகளின் பத்தாண்டுப் பற்று முழுவதும் அந்த ஒரே தட்டில்தான் இருந்தது. பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிய காலத்தில் வளர்ந்தவர் அவர். இந்தப் பேரேட்டைப் பூட்டவேயில்லை.

அன்றிரவே இரண்டு பென் டிரைவ்களில் நகல் எடுக்கப்பட்டது. ஒன்று வீட்டில், ஒன்று கடைப் பெட்டியில். 2017-ஆம் ஆண்டின் கோப்பு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. அதில் வசூலாகாத பாக்கி எவ்வளவு என்று அண்ணாச்சி சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

எது கெட்டிருக்கிறது?

மறுநாள் மெக்கானிக் ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே மிளகாய்த் தூளும் சேர்ந்த தூசி. அதைத் துடைத்தார். தேதி அடிக்கடி பின்னோக்கி ஓடியதற்குக் காரணம் மதர்போர்டில் இருந்த நாணயம் போன்ற சிறு பேட்டரி. அதை மாற்றினார். மதர்போர்டில் கபாசிட்டர்கள் உப்பியிருக்கின்றனவா என்று பார்த்தார். இல்லை. கெட்டது ஹார்டு டிஸ்க் மட்டும்தான்.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. வேகக் குறைவுக்கு ஹார்டு டிஸ்க் காரணமானால், சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் பழைய கம்ப்யூட்டர் எழுந்து நடக்கும். ராம் போதாவிட்டால் கூட்டலாம். ஆனால் 2013-ஆம் ஆண்டு மெஷின்களில் பெரும்பாலும் டி.டி.ஆர்.3 வகை ராம்தான் இருக்கும். இன்று அதை வாங்கினால் நாளை புதிய கம்ப்யூட்டரில் பொருத்த முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவை பெருகியதால் 2025-ன் இறுதியில் ராம் விலை வெகுவாக ஏறியதையும் மறக்கக் கூடாது. மதர்போர்டே போய்விட்டால் பழுது பார்ப்பதை விட்டுவிடலாம். பிராசஸர், ராம் என்று ஒவ்வொன்றாக மாற்றவேண்டி வந்து, செலவு புதியதன் விலையைத் தொட்டுவிடும்.

பள்ளிக்கூடம் காட்டிய வழி

இங்கே கேரளத் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. மாநிலப் பள்ளிகளில் 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியது. 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அந்த நிறுவனம் பள்ளிகளுக்காகத் தயாரித்த லினக்ஸை வீட்டிலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு மாணவி பள்ளியில் எதில் பயில்கிறாளோ, அதுவே வீட்டிலும் கிடைக்கிறது. பழைய மெஷினும் அதைத் தாங்கும். பாதுகாப்புத் திருத்தமும் வரும்.

ஆனால் அண்ணாச்சியின் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுவது. அதை லினக்ஸுக்குக் கொண்டுபோக முடியாது. எனவே, வயதைப் பார்த்து அன்று, வேலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். படிப்பு, கடிதம், இணையம் போதுமென்றால் பழையதைத் திருத்தலாம். பணமும் கணக்கும் புழங்கும் இடமென்றால், திருத்தம் கிடைக்கும் மெஷினே வேண்டும். ஆபீஸ்களில் ஓடி விற்பனைக்கு வரும் மெஷினை வாங்குவோர், பிராசஸர் எத்தனையாவது தலைமுறை என்று பார்த்து, பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்க வேண்டும்.

அண்ணாச்சி இரண்டையும் செய்தார். கணக்குக்குக் கடையில் ஒரு புதிய கம்ப்யூட்டர் வைத்தார். எஸ்.எஸ்.டி.யும் கைட் லினக்ஸும் போட்ட பழையது மகளுக்கு. இனி அது குளித்து வரும்வரை காத்திருக்க வைப்பதில்லை. வீட்டம்மாளும் மைத்துனர் மகனும் தத்தம் கட்சியே வென்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைப் பழைய சாமான்காரரிடம் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அதில் இன்னும் ஊர்க் கணக்கெல்லாம் இருக்கிறது. தட்டுகளை உடைத்து, ஹரித கர்ம சேனையிடம் மின்னணுக் கழிவாகக் கொடுப்பதே முறை. அண்ணாச்சிக்கு இன்னும் மனம் வரவில்லை. "2017 அதுக்குள்ளதானே தம்பி இருக்கு" என்கிறார்.