முதல் நெடும்பயணம்: அந்த மூன்று நாட்கள் எதற்கு?

தைப்பூசம் வந்துவிட்டால், கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி இரதம் புறப்படுகிறது. அதன் பின்னால் ஆயிரக்கணக்கானோர் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்து பத்துமலையை அடைகிறார்கள். அதற்குப் பிறகும் 272 படிகள் காத்திருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிறார்கள், பாட்டிமார்களும் ஏறுகிறார்கள். நடப்பது நமக்குப் புதிதல்ல.

இப்போது நம்மவர்களிடையே வேறொரு நடையும் பரவி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் செமினி புரோகா குன்று, பெட்டாலிங் ஜெயா காசிங் குன்று என்று கிளம்புகிறார்கள். இரண்டு மூன்று குன்றுகள் ஏறி முடித்ததும், கைப்பேசிக்கு ஒரு விளம்பரம் வருகிறது. பனிமலைப் படம், அழகான எழுத்து, “எவரெஸ்ட் அடிவார முகாம், வழிகாட்டியுடன் நடைபயணம், அனுபவம் தேவையில்லை.”

பிரிக்பீல்ட்ஸ் உணவகம் ஒன்றில், தேநீருக்கு நடுவே இப்படி ஓர் உரையாடல் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, இவங்க பதினோரு நாள்ல முடிச்சிடறாங்க. இன்னொரு கம்பெனி பதினாலு நாள்னு சொல்றாங்க, விலையும் கூட. நான் பதினோரு நாளுக்கே பேர் கொடுத்திடலாம்னு இருக்கேன்.”

“கொடுக்கலாம் தம்பி. ஆனா அந்த மூணு நாள்ல அவங்க என்ன செய்றாங்கன்னு கேட்டியா?”

தம்பி கேட்கவில்லை. புதியவர்கள் பலரும் கேட்பதில்லை. எந்த மலை, எவ்வளவு பணம், எத்தனை நாள் விடுமுறை என்ற மூன்று கேள்விகளோடு முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் உயிரைக் காக்கும் கேள்வி, அண்ணன் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.

கால் வலிமை வேறு, உயரம் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மலையின் உயரம் தரும் நோய், உடல் வலிமையைப் பார்த்து வருவதில்லை. தினமும் ஓடுகிறவருக்கும் வரும். நேற்று வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு வராமலும் போகலாம். காரணம் என்ன? மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் உயிர்வாயு குறைகிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கிள்ளானில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். உடல் அதற்குப் பழகும். ஆனால் பழக நாட்கள் வேண்டும். எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் அந்த நாட்களுக்கு ஈடாகாது.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் இந்தச் சிக்கல் தொடங்குகிறது. சிலாங்கூரின் மிக உயரமான நுவாங் மலை 1,493 மீட்டர். தீபகற்ப மலேசியாவின் மிக உயரமான தாஹான் மலை 2,187 மீட்டர். ஆக, தீபகற்பத்தில் எந்த மலையில் ஏறியும் நம் உடல் உயரத்தைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்க முடியாது. நேபாளத்தில் நடை தொடங்கும் லுக்லாவே சுமார் 2,860 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கிய நிமிடமே நமக்குப் பழக்கமில்லாத காற்றில் நிற்கிறோம்.

மருத்துவர்கள் சொல்லும் எளிய விதி ஒன்று உண்டு. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, ஓர் இரவு தூங்கும் இடத்திற்கும் மறு இரவு தூங்கும் இடத்திற்கும் இடையே உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை, உயரம் கூட்டாமல் ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பயண அட்டவணையைப் பாருங்கள். ஒரு தாளில் ஒவ்வோர் இரவும் தங்கும் ஊரையும் அதன் உயரத்தையும் எழுதுங்கள். நல்ல அட்டவணையில் 3,440 மீட்டர் உயரத்தில் உள்ள நாம்சே பஜாரில் இரண்டு இரவுகள் இருக்கும். பிறகு தெங்போச்சே, 3,860. பிறகு டிங்போச்சே, 4,410. இங்கே முந்திய நாளைவிட 550 மீட்டர் கூடிவிடுவதால், மறுபடி இரண்டு இரவுகள். அதன் பிறகே லொபுச்சே, கோரக் ஷெப், அடிவார முகாம். பதினான்கு நாள் பயணத்தில் “சும்மா இருக்கும்” நாட்கள் இவைதான். பதினோரு நாள் விலை எப்படிக் குறைந்தது என்று பார்த்தால், பெரும்பாலும் வெட்டப்பட்டிருப்பது இந்த ஓய்வு நாட்களாகத்தான் இருக்கும்.

தலைவலியை மறைப்பவர்கள்

உயர நோயின் முதல் அறிகுறி தலைவலி. அதோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கம் வராமை ஆகியவை சேரும். இந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஏறினால் ஆபத்து. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கக் கூடும். நடை தள்ளாடினால், பேச்சு குழம்பினால் மூளை வீங்கியிருக்கக் கூடும். இரண்டுமே உயிரைப் பறிக்கக் கூடியவை. இதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான், அதுவும் இரவென்றும் பாராமல் உடனே.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும். மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். மாத்திரை இருக்கிறதே என்று ஓய்வு நாளை வெட்டுவது தவறு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மிடையே அதிகம் என்பதால், அவை உள்ளவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

ஆனால் மலையில் நடப்பது என்ன? “என்னால் மற்றவர்கள் பயணம் கெடக் கூடாது” என்று புதியவர் தலைவலியை மறைக்கிறார். ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்திருக்கிறார், ஊரில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். திரும்புவது அவமானமாகத் தோன்றுகிறது. இந்த இடத்தில்தான் வழிகாட்டியின் மதிப்பு தெரியும். நல்ல வழிகாட்டி ஒவ்வொரு மாலையும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விசாரிப்பார். சாப்பிட்ட தட்டைப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் நேர்கோட்டில் நடக்கச் சொல்வார். தேவைப்பட்டால், “உங்களுக்குப் பயணம் இங்கே முடிகிறது” என்று சொல்லும் துணிவும் அவருக்கு இருக்கும்.

வழிகாட்டி வழிகாட்ட மட்டுமல்ல

2015 ஜூன் 5-ஆம் தேதி காலை, சபாவின் கினபாலு மலையை 6.0 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் உலுக்கியது. பாறைகள் உருண்டு 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களில் இருந்தனர். மலைவழிகாட்டிகளும் இருந்தனர். பாதை சிதைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டபோது, அவர்களைக் கீழே கொண்டு வந்ததில் உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு பெரியது. அந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அது முடிந்தது.

இன்னொரு நிகழ்வு தமிழ்நாட்டில் நடந்தது. 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியது. வார விடுமுறைக்கு மலையேற வந்த குழுவினர் அதில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலர் இளம்பெண்கள். கோடைக் காலத்தில், அந்தப் பாதைக்கு முறையான அனுமதி இல்லாமல் குழு சென்றது பின்னர் தெரிய வந்தது. இன்று தமிழ்நாட்டில் நிலைமை மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் அந்த மாநில அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. உறவினரைப் பார்க்கத் தமிழ்நாடு போகும் மலேசியர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

நேபாளத்திலும், 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைபயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு செல்ல வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. ஆகவே வழிகாட்டி இருக்கிறாரா என்று மட்டும் கேட்டால் போதாது. அவருக்கு உரிமம் உண்டா? முதலுதவிப் பயிற்சி உண்டா? அந்தப் பாதையில் எத்தனை முறை போயிருக்கிறார்? எல்லாவற்றையும்விட முக்கியமாக, “எங்களில் ஒருவர் நடுவழியில் இறங்க நேர்ந்தால், அவரோடு யார் இறங்குவார்?” என்று கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவருக்கு நோய் வந்தால் ஒன்று அவர் தனியாக இறங்க வேண்டும் அல்லது மற்றவர்கள் தனியாக ஏற வேண்டும். துணை வழிகாட்டி உள்ள குழுவையே தேர்ந்தெடுங்கள்.

சுமை யார் முதுகில்?

மலிவு விலையின் பாரம் இன்னொருவர் முதுகிலும் ஏறுகிறது. நம் பைகளைச் சுமக்கும் தொழிலாளர்களில் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வருபவர்கள். உயர நோய் அவர்களையும் தாக்கும். அவர்களுடைய பாதுகாப்புக்காக 1997-இல் ஓர் அனைத்துலக அமைப்பே உருவானது. குளிருக்கேற்ற உடை, தங்குமிடம், உணவு, மருத்துவம் ஆகியவற்றைச் சுமைதூக்கிகளுக்கும் தர வேண்டும், நோயுற்றவரைத் தனியே கீழே அனுப்பக் கூடாது என்பவை அது வலியுறுத்தும் விதிகள். நேபாளத்தில் ஒருவருக்கு 30 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்பது ஏற்கப்பட்ட அளவு. ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்வாளி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுமைதூக்கியின் கூலி, காப்புறுதி பற்றிக் கேட்டால் மழுப்பும் நிறுவனம், நம்மையும் அப்படித்தான் நடத்தும்.

பணம் கட்டுவதற்கு முன்

மலேசியாவில் பயணம் விற்கும் நிறுவனத்திற்கு 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சில் அதைச் சரிபார்க்கலாம். கைப்பேசிக் குழுவில் மட்டுமே அறிமுகமான ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில் பணம் போடுவதைத் தவிர்க்க வேண்டும். ரசீதும் அட்டவணையும் எழுத்தில் இருக்கட்டும். பிரச்சினை வந்தால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு போகலாம். கையில் ஆதாரம் இருந்தால்தான் அது எளிது.

காப்புறுதியிலும் ஒரு பொறி இருக்கிறது. சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல, குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் செல்லாது. நாம் போகும் உயரத்தைத் தாண்டியும், ஹெலிகாப்டர் மீட்புக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். தேவையே இல்லாமல் நடைபயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்புறுதிப் பணம் கறந்த மோசடிகள் 2018-இல் நேபாள அரசின் விசாரணையில் வெளிவந்தன. பயணக் கட்டணத்தை நம்ப முடியாத அளவு குறைத்துவிட்டு, இந்த வழியில் ஈடுகட்டியவர்கள் இருந்தார்கள்.

முதல் படி வீட்டுப் பக்கத்தில்

அப்படியானால் புதியவர் போகவே கூடாதா? தாராளமாகப் போகலாம். 1997 மே 23-ஆம் தேதி எவரெஸ்ட் உச்சியில் முதன்முதலாக மலேசியக் கொடியை நட்ட எம். மகேந்திரனும் என். மோகனதாசும் நம்மவர்களே. அவர்களும் நீண்ட பயிற்சிக்குப் பிறகு, ஷெர்ப்பாக்களின் துணையோடுதான் அங்கே நின்றார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவருக்கு வரிசை இப்படி அமையலாம். காசிங், புரோகா போன்ற குன்றுகளில் சில மாதங்கள். பிறகு வன இலாகாவின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் உலு லங்காட் வழியாக நுவாங். விடியலில் தொடங்கினாலும் இறங்கி முடிக்க மாலையாகிவிடும் மலை அது. அங்கே ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைச் சோதிக்கும். அதன் மறுநாளும் எழுந்து, பையோடு நான்கு மணி நேரம் நடந்து பாருங்கள். நெடும்பயணம் என்பது ஒரு நாள் வீரம் அல்ல. வலிக்கும் காலோடு மறுநாளும் நடப்பதுதான்.

அடுத்து, 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு. ஆனால் ஓர் எச்சரிக்கை. அங்கே 1,866 மீட்டரில் தொடங்கி ஒரே நாளில் 3,272 மீட்டர் உயரத்தில் உள்ள பானலாபானுக்குப் போய், மறுநாள் விடியலில் உச்சியைத் தொட்டு உடனே இறங்கிவிடுகிறோம். நோய் முற்றுவதற்குள் கீழே வந்துவிடுகிறோம். ஆகவே கினபாலுவில் ஒன்றும் ஆகவில்லை என்பது நேபாளத்திற்குச் சான்றிதழ் ஆகாது.

நேபாளத்திலும் அடிவார முகாம்தான் முதலில் என்ற கட்டாயம் இல்லை. அன்னபூர்ணா பகுதியில் உள்ள பூன் குன்று சுமார் 3,200 மீட்டர்தான். நான்கைந்து நாள் நடையில் பனிமலைகளைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, உயரத்தில் நம் உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு திரும்பலாம்.

மறுபடி அந்தத் தேநீர் மேசைக்கு வருவோம். தம்பி செய்ய வேண்டியது பெரிய ஆராய்ச்சி அல்ல. இரண்டு நிறுவனங்களையும் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: “எனக்குத் தலைவலி வந்தால் உங்கள் வழிகாட்டி என்ன செய்வார்?” ஒருவர், “அதெல்லாம் வராது, கவலைப்படாதீங்க” என்பார். இன்னொருவர், எந்த ஊரில் நிறுத்துவார்கள், யார் கூட இறங்குவார், எந்த மருத்துவ நிலையத்திற்குப் போவார்கள் என்று வரிசையாகச் சொல்வார். பணத்தை இரண்டாமவரிடம் கட்டலாம். அந்த மூன்று நாட்களின் விலை அதில் அடங்கியிருக்கிறது.