வர்கலாவில் சூரியன் உதிக்காது!

எங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீங்கள் பார்த்தது மொத்தம் ஐந்து படங்கள். நாலு தோழிகள், நாலு முதுகுப் பைகள், செக்கச் செவேலென்று ஒரு குன்று, அதன் காலடியில் அரபிக்கடல். "வாழ்றாளுங்கப்பா!" என்று பெருமூச்சு விட்டிருப்பீர்கள். அந்தப் பெருமூச்சைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை. படங்களின் ஓரத்தில் நாங்கள் கத்தரித்து எறிந்ததெல்லாம் இதோ!

படம் 1: விடிகாலைக் கடல்

முந்தின நாள் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய அலுப்பு இன்னும் தீரவில்லை. காலை 5 மணிக்கே எங்கள் கேமராக்காரி போர்வைகளை உருவினாள். "சூரிய உதயம்டி! விட்டா கிடைக்காது!"

வடக்குக் குன்றின் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். முக்கால் மணி நேரம் போனது. வெளிச்சம் வந்துவிட்டது, சூரியனைத்தான் காணோம். டீ கொண்டுவந்த சேட்டன் எங்களையும் கடலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் எங்கள் முதுகுப் பக்கம் காட்டினார். "மோளே, சூரியன் பின்னிலா!"

மெரினாவிலேயே வளர்ந்த கழுதைகள் நாங்கள். கடல் என்றால் கிழக்கு என்றே ரத்தத்தில் ஊறிவிட்டது. தூங்குமூஞ்சி என்று நாங்கள் கூப்பிடும் தோழி அதன் பிறகு மதியம் வரை யாரோடும் பேசவில்லை.

படம் 2: பாபநாசம் மணல்வெளி

படத்தில் ஆளே இல்லாத மணல். நிஜத்தில் எங்களுக்குப் பத்தடி தள்ளி வாழையிலை, எள், பச்சரிசிப் பிண்டம், தர்ப்பை, காத்திருக்கும் காக்கைகள். நமக்குத் தெரிந்த பாபநாசங்கள் திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் இருக்கின்றன, இது மூன்றாவது. நமது ஆடி அமாவாசைதான் இங்கே கர்க்கடக வாவு. அன்று இந்த மணலில் கால் வைக்க இடம் இருக்காது. நாரதர் வீசிய வல்கலம், அதாவது மரவுரி, வந்து விழுந்த இடம் என்பதால்தான் வர்கலா என்கிறது தலபுராணம்.

ஒரு பக்கம் தர்ப்பணம், மறுபக்கம் யோகா பாயில் தலைகீழாக நிற்கும் வெள்ளைக்காரர். இரண்டு தரப்புக்கும் புகார் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிய ஒரு ஆச்சி எங்கள் பைகளைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, பாத்திரம் விக்க வந்தீகளா?" செங்கோட்டை மலை ரயிலேறி, தாத்தாவுக்குத் திதி கொடுக்க வந்தவராம்.

படம் 3: செங்குன்றும் நானும்

குன்றில் சாய்ந்து சினிமா நாயகி மாதிரி நிற்கிறேன் அல்லவா? அடுத்த நொடியே முதுகெல்லாம் சிவப்புச் சாந்து. மேலே துளைகள் நிறைந்த செம்புரைக்கல், அதன் கீழே மணற்கல்லும் களிமண்ணும். மழைநீர் மேலடுக்கில் இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் ஊற்றாகக் கசிகிறது. புவியியலாளர்கள் இந்தப் பாறை அடுக்குகளை ஊர்ப் பெயராலேயே ‘வர்க்கல்லி’ என்கிறார்கள். குன்று இந்தியாவின் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்களில் ஒன்று. அதே ஈரம்தான் அவ்வப்போது மண்ணைச் சரியவும் வைக்கிறது. விளிம்போரம் போகாமல் இருப்பதே புத்தி. நினைவுச் சின்னத்தில் கால் கிலோ என் சுடிதாரோடு சென்னை வந்துவிட்டது.

படம் 4: அலைமேல் நால்வர்

அதிகம் லைக் வாங்கிய படம். ரகசியம் உடைக்கிறேன்: பலகை மணலில் கிடந்தது! சர்ஃபிங் கற்றுத்தந்த பையன் முதல் அரை மணி நேரம் தரையில்தான் குப்புறப் படுக்கவைத்து, எழுந்து நிற்கச் சொன்னான். கடலுக்குள் இறங்கிய பிறகு நாங்கள் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு தும்மலுக்குத் தேறாது. உயிர்காப்பாளரின் விசில் மட்டும் ஓயவில்லை.

காற்று அடிக்காமல் நின்றுபோன டச்சுக் கப்பல்காரர்கள், கப்பல் நகர்ந்ததும் நன்றிக்கடனாகத் தந்த மணி என்று ஜனார்த்தன சுவாமி கோயிலில் ஒன்றைக் காட்டுகிறார்கள். மூக்கில் உப்புத்தண்ணி ஒழுக, அந்தச் சாமியிடம்தான் எங்கள் கணக்குப்பிள்ளை வேண்டிக்கொண்டாள்: "ஒரே ஒரு அலைல நிக்க வெச்சிடு சாமி. மணிக்கு பட்ஜெட் இல்ல, கற்பூரம் ஏத்துறேன்."

படம் 5: அந்தி

மாலையில் குன்றுமேல் ஹோட்டல் வாசல்களில் ஐஸ்மேல் மீன் பரப்பிவிட்டார்கள். நெய்மீன் என்றார்கள், உற்றுப் பார்த்தால் நம்ம வஞ்சிரம். ஆவோலி என்றார்கள், அட, வவ்வால்! கணக்குப்பிள்ளை செவுளைத் தூக்கிப் பார்த்து, காசிமேட்டு மிடுக்கோடு பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே கேமராக்காரி அலறினாள்: "சூரியன்! இந்தத் தடவை சரியான பக்கம்!"

ஓடினோம். நாலு பேரும் ஒரே படத்தில் வேண்டும், எடுக்க யாருமில்லை. குன்றோரப் பெஞ்சில் காலையில் பார்த்த அதே ஆச்சி, கையில் சுக்குக் காப்பியோடு. "எத அமுக்கணும்? இதையா?" ஏழெட்டு முறை அமுக்கினார். அதற்குள் சூரியன் கடலுக்குள் முங்கிவிட்டது.

அறைக்குத் திரும்பிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் நாங்கள் நால்வரும் பளிச்சென்று இருக்கிறோம். சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பெரிதாக, சிவப்பாக, ஆச்சியின் கட்டைவிரல்.

காலையில் சேட்டனின் கட்டைவிரல் காட்டிய சூரியனை மாலையில் ஆச்சியின் கட்டைவிரல் மறைத்தது. தூங்குமூஞ்சிகூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஐந்து படங்களில் அதை மட்டும்தான் நாங்கள் கத்தரிக்கவே இல்லை. ஞாபகப்படுத்திப் பாருங்கள், சூரியனுக்கு நகம் இருந்திருக்கும்.