கீழாநெல்லி எழுதிய பரீட்சை!

போன வருஷம் ஐப்பசி மாதம். விடாத மழை. சேக்காட்டில் என் கிளினிக் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஓர் இளைஞர் உள்ளே வந்தார். கூடவே அவர் மனைவி. ஐந்து மாதக் கர்ப்பிணி.

"டாக்டர், கம்பெனியில ரத்ததான முகாம் நடந்துச்சு. நானும் ரத்தம் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழிச்சு ரத்த வங்கியிலருந்து கூப்பிட்டு, 'உங்களுக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்'னு சொல்றாங்க. எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா சாப்பிடறேன், தூங்கறேன். அம்மாதான் சொன்னாங்க, 'சேக்காட்டு டாக்டர்கிட்ட போய் ஒரு மண்டலம் கீழாநெல்லி சாப்பிடு, எல்லாம் ஓடிப் போயிடும்'னு..."

நான் சித்த மருத்துவன். மழை விட்டால் போதும், என் கிளினிக்குக்குப் பின்னால் உள்ள காலி மனை முழுக்கக் கீழாநெல்லிதான். பறித்து, அரைத்து, மோரில் கலந்து கொடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் நான் கொடுக்கவில்லை. இருவரையும் உட்கார வைத்து ஒரு கதை சொன்னேன். அதே கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் என்றைக்காவது இந்தக் கேள்வி வரலாம்.

மஞ்சள் ஒன்று... காரணம் பல!

முதலில் ஒரு விஷயம். மஞ்சள் காமாலை என்பது தனியான ஒரு நோய் அல்ல, அடையாளம். ரத்தத்தில் 'பிலிரூபின்' என்ற பித்த நிறப்பொருள் கூடும்போது கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகின்றன. அது ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. வைரஸ் காரணமாக இருக்கலாம். குடி காரணமாக இருக்கலாம். பித்தக்குழாயில் கல் அடைத்திருக்கலாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அளவுக்கு மீறி விழுங்கிய பாரசிட்டமால் மாத்திரையாகக்கூட இருக்கலாம்.

வைரஸ்களிலும் ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து வகை. இதில் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. 1955 கடைசியிலும் 1956 தொடக்கத்திலும் டெல்லியில் குடிநீரில் சாக்கடை கலந்து சுமார் 29 ஆயிரம் பேருக்குக் காமாலை வந்ததே, அது ஈ வகை என்று பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு ஈ வகை மிகவும் ஆபத்தானது. மற்றபடி ஏ, ஈ இரண்டுமே பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே குணமாகிவிடும்.

சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது! தானாகக் குணமாகும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் குணமாகும். கீழாநெல்லி கொடுத்தாலும் சரி, மந்திரித்துக் கயிறு கட்டினாலும் சரி, கையில் சுண்ணாம்புத் தண்ணீர் தேய்த்து 'மஞ்சள் இறங்குது பார்' என்று காட்டினாலும் சரி. பெயர் மட்டும் கொடுத்தவருக்குப் போய்விடும். ஊருக்கு ஊர் 'காமாலைக்குக் கைகண்ட வைத்தியர்' இருப்பதன் ரகசியம் இதுதான்.

பி வகை அப்படியல்ல. ரத்தம், உடலுறவு, சுத்தம் செய்யாத ஊசி, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும் கிருமி அது. பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்கு 95 பேர் போல உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு வந்தாலோ, கணக்கு தலைகீழ்! பத்தில் ஒன்பது குழந்தைகளின் உடம்பில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. இருபது, முப்பது வருஷம் கழித்து ஈரல் சுருங்கியோ, ஈரலில் புற்றுநோயாகவோ தலைகாட்டும்.

கீழாநெல்லிக்கு உண்மையான சோதனை இந்தப் பி கிருமியிடம்தான்.

தரமணியில் நடந்த ஆய்வு

1988. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நான் சேர்ந்த சமயம். ஒருநாள் ஹாஸ்டலே அமர்க்களப்பட்டது. "நம்ம கீழாநெல்லி லண்டன் பத்திரிகையில வந்திருச்சுடா!"

அந்தப் பத்திரிகை 'லான்செட்'. உலக டாக்டர்கள் எல்லாம் மதித்துப் படிப்பது. அதில் வந்த ஆய்வு நடந்தது நம் சென்னையில்தான். தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுநிலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் எஸ்.பி. தியாகராஜனும் அவரது குழுவினரும் நடத்தினார்கள். அவர்தான் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனவர்.

கூடவே கையெழுத்திட்டிருந்த இன்னொருவர் யார் தெரியுமா? பாரூக் பிளம்பெர்க்! ஹெபடைடிஸ் பி கிருமியையே கண்டறிந்து, 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க விஞ்ஞானி. பாரம்பரிய மருத்துவங்களில் காமாலைக்குச் சொல்லப்பட்ட மூலிகைகளை அவரும் பி.எஸ். வெங்கடேஸ்வரனும் சோதித்து வந்தார்கள். அமெரிக்காவில் 'வுட்சக்' என்று அணில் இனத்துப் பிராணி ஒன்று உண்டு. அதற்கும் பி கிருமி போலவே ஒரு கிருமி வரும். அந்தப் பிராணியிடம் கீழாநெல்லிச் சாறு நல்ல பலன் காட்டியதாக 1987-ல் அவர்கள் எழுதியிருந்தார்கள்.

அடுத்த கட்டம்தான் சென்னையில் மனிதர்களிடம் நடந்தது. பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் காயவைத்துப் பொடித்த கீழாநெல்லி, வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். இன்னொரு பிரிவுக்கு மருந்துச் சத்து எதுவும் இல்லாத 'சும்மா மருந்து'.

முடிவு? கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் பி கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. அதாவது நூற்றுக்கு 59 பேர். சும்மா மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது.

எங்களுக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள்! பாட்டி வைத்தியம் என்று கேலி செய்தவர்கள் வாயை அடைத்துவிட்டோம் என்று தலைகால் புரியவில்லை.

இரண்டாவது பரீட்சை

ஆனால், விஞ்ஞானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பரீட்சையில் பாஸானால் போதாது. வேறு ஊரில், வேறு ஆசிரியர் வைக்கும் பரீட்சையிலும் பாஸாக வேண்டும்.

தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். கிருமி போகவில்லை. 1990-ல் அதே லான்செட்டில் அந்த முடிவும் வந்தது. நியூசிலாந்தில் செய்து பார்த்தார்கள். 1994-ல் அங்கிருந்தும் 'பலன் இல்லை' என்றே சேதி வந்தது. பிறகு பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய 'காக்ரேன்' குழுவினர், 2011-ல் சொன்னது இது: சும்மா மருந்தைவிடக் கீழாநெல்லி வகைகள் பி கிருமிக்குப் பலன் தருகின்றன என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

ஏன் இப்படி? காரணங்கள் பல பேசப்பட்டன. ஒன்று, செடி. கீழாநெல்லி என்று கையில் கிடைப்பதெல்லாம் ஒரே செடி அல்ல. மேலாநெல்லி, சிவப்புக் கீழாநெல்லி என்று சாயலில் ஒத்த வகைகள் உண்டு. 1987 ஆய்வுக் கட்டுரையிலேயே செடிக்கு ஒரு தாவரப் பெயர், 1988-ல் இன்னொரு பெயர்! மண்ணும் பருவமும் மாறினால் சத்தும் மாறும். இரண்டாவது, எண்ணிக்கை. அறுபது பேரை வைத்துச் செய்த ஆய்வு நம்பிக்கை தரலாம். தீர்ப்பு சொல்ல அது போதாது.

'இங்கிலீஷ் மருந்துக்கு இப்படியெல்லாம் பரீட்சை வைப்பார்களா?' என்று கேட்கிறீர்களா? வைத்தார்கள். அதுவும் நம் மாவட்டத்திலேயே! சேக்காடெல்லாம் செங்கற்பட்டு மாவட்டமாக இருந்த காலம். 1968-ல் அந்த மாவட்டத்தில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்குப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கினார்கள். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் சேர்ந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. மறைத்தார்களா? இல்லை, உலகத்துக்கே சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயை அது தடுப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடுகிறோம். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்வதுதான் ஆராய்ச்சி. இதில் நம் மருந்து, அவர்கள் மருந்து என்ற பேதமெல்லாம் கிடையாது.

என் கணக்கில் ஒரு தப்பு

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மட்டும் நான் தெரிந்துகொள்ளவில்லை. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்பு ஓர் ஆட்டோ ஓட்டுநர் காமாலையோடு வந்தார். கீழாநெல்லி கொடுத்தேன். பத்தியம் சொன்னேன். நாலு வாரத்தில் கண் வெளுத்தது. பிலிரூபினும் இறங்கிவிட்டது. "நீங்கதான் சாமி" என்றார். அவர் சொல்லி என்னிடம் வந்த நோயாளிகளே பத்துப் பேர் இருப்பார்கள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து அவரே மறுபடி வந்தார். வயிறு பானை மாதிரி வீங்கி, கால் வீங்கி, ஆளே பாதியாக... பரிசோதித்தால் ஹெபடைடிஸ் பி. ஈரல் சுருங்கிப்போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அடுத்த ஆடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதலில் வந்தபோதே அவர் ரத்தத்தில் பி கிருமி இருந்ததா? எனக்குத் தெரியாது. ஏன் தெரியாது? நான் பார்க்கவில்லை! ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும். மஞ்சள் இறங்கியதை, நோய் போனதாக நினைத்துவிட்டேன். அன்றிலிருந்து காமாலை என்று யார் வந்தாலும், சோதனை முடிவு கையில் வராமல் நான் மருந்துப் பக்கம் போவதில்லை.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

* கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. ஈரல் செயல்பாட்டுச் சோதனையோடு, ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற பி கிருமிச் சோதனையும், சி கிருமிச் சோதனையும் அவசியம்.

* காமாலைக்காரர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, அவர் கர்ப்பிணியாக இருந்தாலோ, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த நேரத்தில் என்னிடம்கூட வரவேண்டாம்!

* பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். எண்ணெயைக் குறைக்கலாம். சோறு, இட்லி, மோர், பருப்பு, பழம் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். மது மட்டும் ஒரு சொட்டுகூடக் கூடாது.

* பி பாசிட்டிவ் என்றால் பயம் வேண்டாம். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ரத்தத்தில் கிருமியின் அளவையும் ஈரலின் நிலையையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். கிருமியை அடக்கிவைக்க டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற நல்ல மாத்திரைகள் இருக்கின்றன. மூலிகையை நம்பி அவற்றைத் திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த கிருமி சீறிக் கிளம்பும். ஜாக்கிரதை!

* 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் பி, சி இரண்டுக்கும் சோதனையும் சிகிச்சையும் இலவசம். ஜூலை 28 உலக ஹெபடைடிஸ் தினம். அது பிளம்பெர்க்கின் பிறந்தநாள்!

* ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கை குலுக்குவதாலோ பி பரவாது. ரேஸர், டூத் பிரஷ் இரண்டும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

* எல்லாவற்றுக்கும் மேலே தடுப்பூசி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று. பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசிக்குள்ளேயே சேர்ந்து வரும். அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கீழாநெல்லி உதவாத மூலிகை என்று நான் சொல்லவரவில்லை. இன்றைக்கும் காரணம் தெரிந்து, ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகு, சாதாரணக் காமாலைக்கு நான் அதைக் கொடுக்கத்தான் செய்கிறேன். பி கிருமியை அது விரட்டும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சாக்கடை ஓரத்தில் பறித்த செடியையும் தொடுவதில்லை.

அந்த ஐப்பசி மழையில் வந்த தம்பதிக்கு இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும், அந்தப் பெண்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப எனக்கும் டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?"

"உங்களுக்குத்தாம்மா முதல்ல எடுக்கணும்" என்றேன்.

எடுத்தார்கள். அவருக்கு நெகட்டிவ். கர்ப்பத்திலேயே போடக்கூடிய ஊசி என்பதால் உடனே தடுப்பூசியை ஆரம்பித்தார்கள். கணவரை ஈரல் சிறப்பு டாக்டரிடம் அனுப்பினேன். "இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். ஒழுங்காகப் போய் வருகிறார்.

மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கே ஊசி போட்டாகிவிட்டது. இனிப்போடு வந்த பாட்டியம்மா, "கீழாநெல்லி கொடுக்க மாட்டேன்னு சொன்ன டாக்டர் நீங்கதானே?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே இனிப்பை வாங்கிக்கொண்டேன்!