பிரேக்குக்கும் கொஞ்சம் காற்று வேண்டும்!

ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சொந்த ஹேட்ச்பேக்கை ஓட்டிப் பார்க்க வருபவர்களின் கவனமெல்லாம் இன்ஜின் மேல்தான். ஆனால், சில சுற்றுகளிலேயே திணறத் தொடங்குவது பிரேக்!

120 கி.மீ வேகத்தில் வரும் கார் 60-க்கு இறங்கினால், அதன் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு கழிய வேண்டும். அதில் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளில் வெப்பமாக ஏறுகிறது. ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். பிரேக் ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சிவிட்டால் 155 டிகிரிக்குத்தான் உத்தரவாதம். எனவே முதல் செலவு புது ஆயிலுக்கு. அடுத்து, அதிகச் சூடு தாங்கும் பேட்.

பிறகுதான் காற்று. முன் பம்பரில் திறப்பு வைத்து, சூடு தாங்கும் ஹோஸ் மூலம் டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். வென்ட்டிலேட்டட் டிஸ்க், சுழலும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குத் தானே காற்றைத் தள்ளிவிடும். ஒரு பக்கத்தில் மட்டும் காற்றை அடித்தால் டிஸ்க் சீராக ஆறாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் டயரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கடைசிச் சுற்றை, பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் வேண்டாம். கியரில் விட்டு, டயருக்குக் கட்டை கொடுங்கள்.