ஊரைப் பாடவைக்கும் இசையாசிரியர்

இசையாசிரியர் என்றவுடன் எமது மனக்கண்முன் தோன்றும் உருவம் யாது? சுருதிப்பெட்டியை அருகில் வைத்து, மாணவர் சிலர் முன்னிலையில் அமர்ந்திருக்கும் ஒருவரின் உருவமன்றோ? அவர் பாட மாணவர் கேட்பர். மாணவர் பாட அவர் திருத்துவர். ஆண்டு தோறும் பரீட்சை நடைபெறும். ஆற்றல் மிக்கோர் சிலர் மேடையேறுவர். இம்முறையினால் எமது நாட்டிலே நல்ல பாடகர் பலர் உருவாகியுள்ளனர். 1931 ஆம் ஆண்டிலே தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையும், மருதனார்மடத்திலே 1960 ஆம் ஆண்டு தோன்றிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகமும் இத்துறைக்கு ஆற்றிய தொண்டு சிறிதன்று. ஆயினும், பாடகர் பெருகிய அளவுக்கு ஊரிலே பாடுவோர் பெருகினரா என்பது வேறு வினா. அவ்வினாவையே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுகின்றோம்.

முன்னாளிலே எமது கிராமங்களிற் பாடாத வாய் அரிதாயிருந்தது. வயலில் அரிவு வெட்டுவோரும், கடலில் வலை இழுப்போரும் பாடினர். வசந்தனும் கும்மியும் ஊர்ப்பொதுவாய் இருந்தன. பிள்ளையைத் தாலாட்டவும், இறந்தோரை நினைந்து அரற்றவும் பெண்டிருக்குப் பாட்டே துணையாயிற்று. இன்றோ தொழில்முறை மாறியது, ஒலிபெருக்கி வந்தது, 1983 முதல் 2009 வரை நீடித்த போர் மக்களை ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் பெயர்த்தது. பாட்டறிந்த முதியோர் பலர் மறைந்தனர். எஞ்சியோர் பாடினாலும் கேட்டுப் பழகுவோர் அருகில் இல்லை. நால்வர் மேடையிலிருந்து பாட நானூறு பேர் கைகட்டிக் கேட்கும் நிலையே எங்கும் காணப்படுகின்றது. கேட்டலும் இன்பமே. ஆயின், கேட்டல் மட்டுமே எஞ்சுமிடத்து, ஒரு சமுதாயம் தன் குரலைத் தானே மறந்துவிடும்.

இக்குறையை நீக்க வல்லார் யாவர்? பாடசாலைகளிற் பணியாற்றும் இசையாசிரியர்களே என்பது எமது கருத்து. அவர்கள் செய்யத்தக்க பணி இசைப்பட்டறை நடத்துதலாகும். பட்டறை என்பது வகுப்புமன்று, கச்சேரியுமன்று. ஓரூரில் வாழும் சிறியோரும் முதியோரும், குரல்வளம் உள்ளோரும் இல்லோரும் ஓரிடத்திற் கூடி, ஒன்றிரண்டு மணிநேரம் தாமே இசையை ஆக்கி மகிழ்வதே அது. அங்கே பார்வையாளர் என ஒருவரும் இலர். பாடமாட்டாதார் தாளமிடுவர், தாளமிடக் கூசுவோர் பழம்பாட்டின் ஓரடியை நினைவுகூர்ந்து சொல்லுவர். ஆசிரியர் இசைக்கு வழிவிடுபவரேயன்றி இசையின் தலைவர் அல்லர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவருக்குப் பிறரைப் பாடவைக்கத் தெரியாதா என்பதே அது. இவை இரண்டும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பதை மேனாட்டு வரலாறொன்று நன்கு புலப்படுத்தும்.

இங்கிலாந்திலே ஹல் நகரில் 1841 ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமைப் பாடசாலை ஆசிரியர்கள் கூடினர். பொதுமக்களுக்குப் பாடக் கற்பிக்கும் எளிய வழியைக் கண்டறியுமாறு ஜோன் கேர்வன் என்னும் இளங்குருவானவரை அவர்கள் வேண்டினர். அவரோ இசைவல்லுநர் அல்லர். தாமே பாடக் கற்க இடர்ப்பட்டவர். நோர்விச் நகரிலே சேரா குளோவர் என்னும் பெண்மணி பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க வகுத்திருந்த முறையை அவர் எடுத்து வளர்த்தார். எமது சரிகமபதநியைப் போன்றே ஏழு சுரப்பெயர்களைக் கொண்ட அம்முறையிலே, ஆதார சுரம் எவ்விடத்து நின்றாலும் பெயர்கள் மாறுவதில்லை. சுரங்களை ஏணிபோல் எழுதிய படமொன்றைச் சுவரிலே தொங்கவிட்டு, ஆசிரியர் கோலினாற் சுட்ட மக்கள் பாடினர். 1857 ஆம் ஆண்டு லண்டன் பளிங்கு மாளிகையிலே 3,000 இற்கு மேற்பட்ட சிறுவர் இம்முறையிற் பயின்று ஒருங்கே பாடினர். கையசைவினாற் சுரங்களைக் குறிக்கும் வழக்கத்தையும் 1870 ஆம் ஆண்டளவிலே கேர்வன் சேர்த்துக்கொண்டார்.

கேர்வனது பெருமை முறையைக் கண்டதோடு நில்லாது, அதனை ஊர்தோறும் கொண்டு செல்லும் ஆசிரியரை உருவாக்கியதிலேயே தங்கியுள்ளது. 1869 ஆம் ஆண்டிலே அதற்கென ஒரு கல்லூரி தோன்றியது. ஆசிரியர்க்கு அவர் விதித்த கட்டளைகளுள் ஒன்று மிகவும் சிந்திக்கத்தக்கது: கற்பிப்பவர் கற்போருடன் சேர்ந்து பாடுதல் கூடாது, சிறியதொரு பகுதியை மென்மையாகப் பாடிக் காட்டிவிட்டு, வாய்மூடிக் கேட்டல் வேண்டும். ஆசிரியர் உடன் பாடுவாராயின் மக்கள் அவர் குரலிலே சாய்ந்து நிற்பர். அவர்களுடைய பிழையும் அவருக்குக் கேளாது, நிறைவும் கேளாது. பாடகருக்கு வாய் எவ்வளவு முக்கியமோ, பட்டறை ஆசிரியருக்குச் செவி அவ்வளவு முக்கியம் என்பது இதன் உட்பொருளாம்.

ஹங்கேரி நாட்டு இசைமேதை ஸொல்தான் கொடாய் இக்கையசைவுகளையும் சுரமுறையையும் தமது நாட்டு நாடோடிப் பாடல்களோடு பொருத்திப் பயன்படுத்தினார். தலைநகரின் இசைநாடக அரங்குக்குத் தலைவர் யார் என்பதிலும் பார்க்கச் சிற்றூரொன்றின் இசையாசிரியர் யார் என்பதே முக்கியமானது என்பது அவரது கொள்கை. அவர் கருத்தைத் தழுவி 1950 ஆம் ஆண்டு கெச்கெமேட் நகரிலே நாள்தோறும் பாட்டுப் பயிலும் ஆரம்பப் பாடசாலை தோன்றியது. 1975 ஆம் ஆண்டு அந்நகரிலேயே அவர் பெயரால் ஆசிரியரைப் பயிற்றும் நிலையமும் அமைந்தது. லண்டன் கில்ட்ஹோல் இசைக் கல்லூரியிலே 1984 ஆம் ஆண்டளவில் தொடங்கிய பயிற்சியோ, வாத்தியம் பயிலும் மாணவரை வைத்தியசாலைக்கும் சிறைச்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் அனுப்பி, ஆங்குள்ளாரோடு சேர்ந்து இசையமைக்கப் பழக்கிற்று.

நிற்க. இவையெல்லாம் அந்நிய நாட்டுக் கதைகள், எமக்கு இவை ஒவ்வா என்று கருதுவோர் மட்டக்களப்பு நாட்டுக் கூத்தை நோக்குவாராக. அங்கே அண்ணாவியார் என்பவர் யார்? உழவரையும் மீனவரையும் கொண்டு, பல மாதங்கள் இரவுதோறும் பழக்கி, அவர்களை அரசராகவும் வீரராகவும் ஆடிப் பாடவைப்பவர். குரலும் உடலும் நோக்கி அவரவர்க்கு ஏற்ற பாத்திரத்தைத் தெரிந்து சட்டங் கொடுப்பார். மத்தளத்தின் துணையுடன் ஆட்டம் பழக்குவார். ஆடுவார் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதால், ஒருவன் குரல் தளரினும் கூத்துத் தளர்வதில்லை. வட்டக்களரியைச் சுற்றி ஊரே நிற்கும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனையிலே 1962 ஆம் ஆண்டு கர்ணன் போர்க் கூத்தை மேடையேற்றியபோது, பல்கலைக்கழக மாணவரைப் பழக்குதற்கு அண்ணாவியாரின் துணையையே நாடினார். பட்டறை என்னும் சொல் புதிதாயினும் பொருள் எமக்குப் பழையதே. எமது இசையாசிரியர் வித்துவானாக மட்டுமன்றி அண்ணாவியாராகவும் பழக வேண்டும் என்பதே யாம் கூறவந்தது.

இனி, அவர் பழகவேண்டியன எவை எனக் காண்போம்.

முதலாவது, பிறர் குரலுக்கேற்பச் சுருதி தெரிதல். எமது வழக்கிலே ஆடவர் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டையிலும், பெண்டிர் 5 முதல் 6 கட்டையிலும் பாடுவர். ஆசிரியை ஒருவர் தமக்கியைந்த 5½ கட்டையிலே தொடங்குவாராயின், கூட்டத்திலுள்ள ஆடவர் பலர்க்கு மேற்சட்சம் எட்டாது. கீழ்த்தாயியில் இறங்கினாலோ கீழ்ச்சுரங்கள் ஒலியா. அவர்கள் வாளா இருப்பர். ஆடவர் கூச்சமுடையர் என ஆசிரியை நினைப்பர்; உண்மையிலே குறை சுருதியில் உள்ளது. ஆகவே பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் முதலிற் கண்டு, இரண்டும் பயிலாத குரலுக்கு எட்டுமாறு சுருதி அமைத்தல் வேண்டும். சட்சத்திலிருந்து மேற்சட்சம் வரை செல்லும் மெட்டாயின், 1 கட்டைக்கு அண்மையில் வைத்தால், ஆடவர் ஒரு தாயியிலும் பெண்டிர் அதற்கு மேற்றாயியிலுமாகப் பெரும்பாலார் பாடல் கூடும்.

இரண்டாவது, பாட்டைக் கொடுக்கும் முறை. ஒரு மூச்சில் அடங்கும் பகுதியையே கொடுத்தல் நன்று. கொடுத்தபின் கையினால் அழைத்து, மக்கள் பாடி முடிக்கும் வரை பொறுத்தல் வேண்டும். பிழை நேரின் விளக்கவுரை வேண்டா. மீண்டும் தெளிவாகப் பாடிக் காட்டுதலே போதும். பஜனையிலே ஒருவர் சொல்ல ஏனையோர் வாங்கிப் பாடும் வழக்கு எமக்குண்டு. அதனோடு, வாங்கிப் பாடியோருள் ஒருவரையே அடுத்த முறை சொல்லவைப்பாராயின் பட்டறை தொடங்கிவிட்டது என்க.

மூன்றாவது, தாளத்தைப் பங்கிடுதல். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை ஒரு பகுதியினர் கைதட்டிக் காக்க, மற்றொரு பகுதியினர் பாடலாம், பின்னர் மாறிக்கொள்ளலாம். பாடக் கூசுவோர்க்கு இது நல்ல நுழைவாயில். தட்டிக்கொண்டிருக்கும்போதே வாயும் தானாகத் திறத்தலை எங்கும் காணலாம்.

நான்காவது, சொல்லடக்கம். சிறுபிராயத்திலே, உனக்குக் குரல் இல்லை என்று ஒருவர் கூறிய ஒரு சொல்லினால், வாழ்நாள் முழுவதும் வாய் திறவாதார் எத்தனை பேர்! அவர்களும் பட்டறைக்கு வருவர். அவர்கள் முன் சுருதி பிசகியது என்று முகஞ்சுளித்தல், ஆறிய புண்ணைக் கீறுதலை ஒக்கும். திருத்தம் வேண்டுமாயின் கூட்டத்துக்குப் பொதுவாகத் திருத்துக. ஒருவரைச் சுட்டித் திருத்தற்க.

ஐந்தாவது, கொள்ளுதல். ஊரார் பாடும் பாட்டை ஆசிரியர் தாமும் கற்றல் வேண்டும். மூதாட்டி ஒருவர் பாடும் தாலாட்டிலே இராகத்துக்குப் புறம்பான சுரமொன்று தோன்றலாம். அதனை நீக்கிச் செம்மைசெய்ய வித்துவானின் மனம் விழையும். அவ்வாறு செய்யின் எஞ்சுவது ஆசிரியரின் பாட்டேயன்றி மூதாட்டியின் பாட்டன்று. உள்ளவாறே கேட்டு, உள்ளவாறே பதிவு செய்து, பாடியவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவுடன் குறித்துவைத்தலே முறையாகும்.

இவற்றைச் சொற்பொழிவினாற் கற்பித்தல் இயலாது; நீச்சலைப் போல இறங்கியே பழகவேண்டும். எமது தேசிய கல்வியியற் கல்லூரிகளிலே பயிற்சியின் இறுதியாண்டு பாடசாலைகளிற் செய்யும் கட்டுறுப் பயிற்சியாய் உள்ளது. இசை பயில்வோர்க்கு அவ்வாண்டின் ஒரு பகுதியையேனும் சனசமூக நிலையத்திலும், அறநெறிப் பாடசாலையிலும், முதியோர் இல்லத்திலும் கழிக்க வழிசெய்தல் நலம். ஒருவர் நடத்த, உடன் பயில்வோர் இருவர் உற்றுநோக்கி, ஆசிரியர் குரல் எவ்வளவு நேரம் ஒலித்தது, மக்கள் குரல் எவ்வளவு நேரம் ஒலித்தது என்று குறிப்பெடுப்பாராக. நாள்தோறும் முன்னது குறைந்து பின்னது மிகுதலே தேர்ச்சியின் அறிகுறி. இசைப் பரீட்சைகளிலும், கீர்த்தனை பாடுவித்தலோடு, முன்பின் அறியாத 20 பேருக்கு ஐந்து நிமிடத்திலே சிறிய பாட்டொன்றைப் பழக்கும் சோதனையும் சேருமாயின், ஆசிரியர் கவனம் தானே இப்பக்கம் திரும்பும். ஆசிரியர் எழுந்து சென்றபின்னும் கூட்டம் தானே பாடிக்கொண்டிருக்குமா என்பதே எல்லாவற்றினும் பெரிய சோதனை.

எமது கல்லூரியின் பழைய மாணவர் உலகின் பல பாகங்களிலும் பரந்து வாழ்கின்றனர். விழாக்காலங்களில் வித்துவான்களை அழைத்துக் கச்சேரி வைப்பித்தல் அவர்கள் வழக்கம். அது தொடர்க. அதனோடு, தம் ஊர்ச் சனசமூக நிலையத்திலே திங்களுக்கு ஒருமுறை இத்தகைய பட்டறை நடைபெறவும், அதனை நடத்தும் இளம் ஆசிரியர் பயிற்சி பெறவும் துணைபுரிவாராயின் அப்பணி நெடுங்காலம் நிலைக்கும். வெள்ளிதோறும் பிரார்த்தனை மண்டபத்திலே ஒருங்கே தேவாரம் ஓதி வளர்ந்தவர்கள் நாம். அங்கே எவரும் எம்மை நோக்கி, உனக்குக் குரல் உண்டா என்று வினவியதில்லை, எல்லோரும் பாடினோம். அவ்வுரிமை ஊரார் அனைவர்க்கும் உரியதாகுக.