வாகனம் ஓட்ட எந்த மொழி வேண்டும்?

வெளிநாட்டில் குடியேறும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது விசா, வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி, குளிர் ஆகியவை பேசப்படும் அளவுக்கு ஓட்டுநர் உரிமம் பேசப்படுவதில்லை. ஆனால், ஒருவரின் வேலையால் இன்னொருவர் உடன்வரும் குடும்பங்களில், வந்தவர் தன் காலில் நிற்கிறாரா, மற்றவரைச் சார்ந்தே இருக்கிறாரா என்பதைத் தீர்மானிப்பதில் அந்தச் சிறிய அட்டைக்குப் பெரும் பங்கு உண்டு. பேருந்து குறைவாக ஓடும் சிற்றூர்களில் வேலைக்கான விண்ணப்பம்கூட ‘உரிமம் உண்டா?’ என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது.

நான் பிரிட்டனில் செவிலியராகப் பணிபுரிகிறேன். என் பணி விசாவைச் சார்ந்து நான்கு ஆண்டுகள் கழித்து என் கணவர் வந்துசேர்ந்தார். நாமக்கல்லில் 14 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். தமிழ்வழியில் பத்தாம் வகுப்புவரை படித்தவர். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இரவில் சரக்கு ஏற்றிச் சென்ற ஒருவர், கணினித் திரையின் முன்னால் அமர்ந்து ஆங்கிலக் கேள்விக்கு விடை தேடும் நிலையை ஒன்றரை ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். “எனக்கு வண்டி தெரியும்மா, இந்தக் கேள்விதான் புரியல” என்று அவர் சொன்னது, குடியேறிகள் பலரின் நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறது.

விதிகள் சொல்வது என்ன?

இந்திய உரிமம் வைத்திருப்பவர் பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள் அந்த உரிமத்தைக் கொண்டே கார் ஓட்டலாம். அதன் பிறகு அது செல்லாது. சிங்கப்பூர், ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வின்றி மாற்றிக்கொள்ள முடியும். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே, பழுத்த ஓட்டுநரும் பயிற்சி உரிமம் பெற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காரில் எல் போர்டு மாட்ட வேண்டும். 21 வயதைக் கடந்த, மூன்றாண்டுகளாக உரிமம் வைத்திருக்கும் ஒருவர் அருகில் அமர வேண்டும்.

தேர்வு இரண்டு கட்டங்கள் கொண்டது. கணினியில் நடக்கும் முதல் கட்டத்தில் 50 கேள்விகள், 57 நிமிடங்கள், 43 விடைகள் சரியாக இருக்க வேண்டும். அதே அமர்வில் ஆபத்தை உணரும் திறனைச் சோதிக்கும் 14 காணொளிகள் காட்டப்படும். 75 மதிப்பெண்ணுக்கு 44 பெற வேண்டும். இதில் வென்றவர் இரண்டு ஆண்டுகளுக்குள் சாலைத் தேர்வில் வென்றாக வேண்டும். தவறினால் முதல் கட்டத்தை மீண்டும் எழுத வேண்டும். சாலைத் தேர்வு எழுதுவோரில் வெல்பவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. தேர்வுக்கு நாள் கிடைக்கப் பல மாதங்கள் காத்திருக்க நேரும் நிலையில், இரண்டு ஆண்டு என்பது நீண்ட காலம் அல்ல.

தமிழ் இருந்த இடம்

இளைய வாசகர்கள் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. 2014 ஏப்ரல் வரை பிரிட்டனின் முதல் கட்டத் தேர்வைத் தமிழில் கேட்டு எழுத முடிந்தது. கேள்வி திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். காதொலிக் கருவியில் தமிழ்க் குரல் அதை வாசிக்கும். இந்த வசதி 19 அயல்மொழிகளில் இருந்தது. தமிழ் அவற்றில் ஒன்று. 2014 ஏப்ரல் 7 முதல் அயல்மொழிக் குரல்களும், இரு கட்டங்களிலும் மொழிபெயர்ப்பாளர்களும் விலக்கப்பட்டனர். ஆங்கிலமும் வெல்ஷ் மொழியும் மட்டுமே இப்போது உண்டு. செவித்திறன் குறைந்தோருக்குச் சைகை மொழி வசதி தொடர்கிறது.

அரசு சொன்ன காரணங்கள் அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல. மொழிபெயர்ப்பாளர் சிலர் விடையையே சொல்லிக்கொடுத்த மோசடிகள் நடந்தன. சாலையில் எழுதப்பட்ட அறிவிப்பையும் காவலரின் கட்டளையையும் புரிந்துகொள்ளாதவர் ஆபத்தானவர் என்ற வாதமும் இருந்தது. குடியேறியவர்கள் நாட்டின் மொழியைக் கற்பதற்கு இது தூண்டுதலாகும், செலவும் குறையும் என்றார்கள்.

ஆனால், இந்த வாதங்களில் ஓர் ஓட்டை உண்டு. மோசடி செய்யக்கூடியவர் அருகில் அமரும் மனிதர். முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட குரலால் எவருக்கும் தனியாக விடை சொல்ல முடியாது. சாலைப் பாதுகாப்பு வாதம் இன்னும் விசித்திரமானது. நாட்டுக்குப் புதிதாக வந்து, பனியையும் ரவுண்டானாவையும் முதன்முறையாகப் பார்க்கும் 12 மாதங்களில், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் என் கணவர் தனியாகக் கார் ஓட்டச் சட்டம் அனுமதித்தது. சாலை பழகிய 13ஆவது மாதத்தில்தான் மொழி தடையாக வந்து நிற்கிறது.

சொற்களின் குழப்பம்

இந்தத் தேர்வில் மொழி எங்கே இடறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் உதவ முடியும். நீண்ட வாக்கியங்கள் பயிற்சியில் பழகிவிடுகின்றன. சிக்கல் சின்னச் சொற்களில் இருக்கிறது.

1931இல் முதலில் வெளியான பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலில் ‘மஸ்ட்’ என்ற சொல் வந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். ‘ஷுட்’ என்று வந்தால் அது அறிவுரை. மீறுவது மட்டுமே குற்றமாகாது, ஆனால் வழக்கு வந்தால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்றே சொல்லிவிடுகிறோம். ‘நிற்க வேண்டும்’ என்பது கட்டளையா, நல்லுரையா என்பதைக் குரலும் சூழலும்தான் காட்டும். எனவே, மொழிபெயர்ப்பைக் கைவிட்டு, ஒன்றுக்குச் ‘சட்டம்’ என்றும் மற்றொன்றுக்குப் ‘புத்தி’ என்றும் வீட்டில் பெயரிட்டோம்.

அடுத்தது உவமைச் சொற்கள். ‘ஹார்டு ஷோல்டர்’ என்றால் கடினமான தோள் அல்ல. விரைவுச்சாலை ஓரத்தில் அவசரத்துக்கு ஒதுங்கும் பட்டை. ‘டெயில்கேட்டிங்’ என்பது முன்வண்டியை ஒட்டி ஓட்டுவது. ‘கோஸ்ட்டிங்’ என்றால் கியரை விடுவித்தோ, கிளட்சை மிதித்தபடியோ வண்டியை உருளவிடுவது. டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கத்தையும் அதன் ஆபத்தையும் லாரிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரிடம் இல்லாதது அந்தச் செயலின் ஆங்கிலப் பெயர்.

பாதசாரிகள் கடக்கும் இடங்களின் பெயர்கள் ஒரு பறவைக் கூண்டையே நினைவூட்டும்: பெலிக்கன், பஃபின், டூக்கான். இவற்றில் பறவைக்கு வேலையில்லை. ‘இருவர் கடக்கலாம்’ என்ற பொருள்தரும் ‘டூ கேன்’ என்ற ஒலியிலிருந்து, நடப்போரும் மிதிவண்டிக்காரரும் சேர்ந்து கடக்கும் இடத்துக்கு டூக்கான் என்று பெயர் வந்தது. இந்தச் சிலேடையை மொழிபெயர்க்க முடியாது; விளக்கத்தான் முடியும். பெலிக்கனில் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். அப்போது கடந்துகொண்டிருப்பவருக்கு வழிவிட வேண்டியது சட்டம். பஃபினில் அந்த ஒளிரும் மஞ்சள் இல்லை. பெயர் குழம்பினால் விதியும் குழம்பும்.

வேடிக்கையும் உண்டு. மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்ஸ் நாட்டின் லனெத்லி நகரில் ஸ்டெப்னி தெருவில் 1900களின் தொடக்கத்தில் தயாரிக்கப்பட்ட சக்கரத்தின் பெயர் அது. பிரிட்டனிலிருந்து நமக்கு வந்த அந்தச் சொல்லை இன்று பிரிட்டனில் சொன்னால் பெரும்பாலோருக்குப் புரிவதில்லை. அந்த ஊர் ஓட்டுநர்களே மறந்துவிட்ட சொல் நாமக்கல் பட்டறைகளில் உயிரோடு இருக்கிறது.

பழக்கத்தின் பொருள்

சொற்களைப் போலவே சைகைகளும் பொருள் மாறுகின்றன. நம் ஊரில் முகப்பு விளக்கை மின்னவிட்டால் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். பிரிட்டிஷ் ஓட்டுநர்கள் பலர் அதையே ‘நீ போ’ என்ற பொருளில் செய்கிறார்கள். விதிநூலோ இரண்டையும் ஏற்பதில்லை. ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று உணர்த்த மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஹார்னும் அப்படியே. குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 மணிவரை, பிறரால் ஆபத்து நேரும் தருணம் தவிர, ஒலிக்கக் கூடாது. பின்பக்கத்தில் ‘ஒலி எழுப்புக’ என்று எழுதிய லாரியை ஓட்டியவருக்கு இது விதி மாற்றம் மட்டுமல்ல, பண்பாட்டு மாற்றமும்கூட.

காணொளித் தேர்விலும் அனுபவம் சில நேரம் எதிராக நிற்கிறது. ஆபத்து உருவெடுக்கத் தொடங்கும் கணத்திலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் சொடுக்கினால்தான் மதிப்பெண். நம் நெடுஞ்சாலைகளில் ஆடு, மிதிவண்டி, எதிர்த்திசை மோட்டார் சைக்கிள் அனைத்தையும் முன்கூட்டியே எதிர்பார்த்துப் பழகியவர், கணினி எதிர்பார்ப்பதற்கு முன்பே சொடுக்கிவிடுகிறார், அதற்குப் பூச்சியம். ஒரு முறை கண்டதும் சொடுக்கி, சற்றே பொறுத்து, ஆபத்து வளர்வதைப் பார்த்து மறுமுறை சொடுக்குவது இதற்குத் தீர்வு. ஒரே சீராகச் சொடுக்கிக்கொண்டே இருந்தால் அந்தக் காணொளிக்கே மதிப்பெண் கிடைக்காது.

துணை செய்ய வேண்டியது

இந்த அனுபவத்திலிருந்து, இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்குச் சில வழிகளைச் சொல்ல முடியும். முதலாவது, விடைகளை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே தமிழ்ச் சொல்லை எழுதுவதைவிட, அவர் ஓட்டிய சாலையில் நடந்த ஒரு நிகழ்வை எழுதச் செய்யுங்கள். தெரிந்த அனுபவத்தோடு கட்டிய சொல் மறப்பதில்லை.

இரண்டாவது, ஆங்கிலக் குரல் வசதியைக் கேட்டுப் பெறுங்கள். படிப்பதைவிடக் கேட்டுப் புரிந்துகொள்வது எளிதாக இருப்பவர்களுக்கு இது பேருதவி. எழுத்துக் குறைபாடு உள்ளவர் சான்று காட்டிக் கூடுதல் நேரமும் பெறலாம்.

மூன்றாவது, சாலைத் தேர்வுக்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை என்பதைப் புரியவையுங்கள். தேர்வு சுமார் 40 நிமிடம். தேர்வாளர் சொல்பவை பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் இருபது, முப்பது வாக்கியங்கள்தான்: இடப்பக்கம் ஓரமாக நிறுத்துங்கள், ரவுண்டானாவில் இரண்டாவது வழியில் செல்லுங்கள், சாலை முடிவில் வலப்பக்கம் திரும்புங்கள். அவற்றை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழக்குங்கள். ‘ரைட்’ என்ற சொல்லைத் திசைக்கு மட்டும் ஒதுக்குங்கள். ‘சரி’ என்பதற்கு அதைப் பயன்படுத்தினால் காருக்குள் விபரீதம் நேரும். புரியாவிட்டால் மீண்டும் சொல்லக் கேட்கலாம். வழி தவறிப் போனாலும், பாதுகாப்பாகப் போனால் அது பிழை ஆகாது. இந்த ஒரு செய்தியே பாதிப் பதற்றத்தைக் குறைக்கும்.

நான்காவது, ஓட்டும் முறையைத் திருத்தும் வேலையைப் பயிற்றுநரிடம் விட்டுவிடுங்கள். கணவனோ மனைவியோ மொழியைக் கற்றுத்தரலாம். 14 ஆண்டுகளாக ஸ்டீயரிங் பிடித்த கையை ‘இப்படிப் பிடிக்காதே’ என்று திருத்தினால் அங்கே பாடம் நின்று தன்மானம் பேசத் தொடங்கும். ஏற்கெனவே பணம், விலாசம், விசா எல்லாவற்றுக்கும் மனைவியைச் சார்ந்திருக்கும் ஒருவரிடம் இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும். கணவரைச் சார்ந்து வரும் பெண்களுக்கும் இது அப்படியே பொருந்தும். உரிமம் பெறத் துணையை ஊக்குவிக்காத வீடுகளும் உண்டு என்பதைச் செவிலியராக நான் கண்டிருக்கிறேன்.

அரசு செய்யக்கூடியது

மற்ற நாடுகள் வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் முதல் கட்டத் தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம். 2016 முதல் அரபியும் சேர்ந்தது. சாலைத் தேர்வு மட்டும் ஜெர்மனில் நடக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அறிவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலம் ஆங்கிலத்தில் மட்டும் தேர்வு நடத்தியதை எதிர்த்து மார்த்தா சாண்டோவல் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தோற்றார். பாகுபாடு நோக்கமாக இல்லாமல் விளைவாக மட்டும் இருந்தால், அந்தச் சட்ட விதியின்கீழ் தனிநபர் வழக்குத் தொடுக்க முடியாது என்றது தீர்ப்பு. ஆங்கிலத்தில் மட்டும் தேர்வு நடத்துவது நியாயமா என்பதற்கு அது விடை சொல்லவில்லை.

ஜெர்மானிய ஏற்பாடே பொருத்தமானது என்பது என் கருத்து. விதி தெரியுமா என்பதை அவரவர் புரிந்துகொள்ளும் மொழியில் கேட்கலாம். சாலையில் சொல்வது புரிகிறதா என்பதை நாட்டின் மொழியில் சோதிக்கலாம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், தோற்றவருக்கு எது தெரியவில்லை என்பது அரசுக்கும் தெரியாது. அந்த மாற்றம் வரும்வரை, பிரிட்டனில் உள்ள தமிழ்ச் சங்கங்கள் சாலைச் சொற்களுக்கு ஒரு நல்ல தமிழ் விளக்கக் கையேட்டையும் ஒலிப்பதிவையும் உருவாக்கலாம். பொங்கல் விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் செலவைவிட இது அதிகமாகாது.

என் கணவர் மூன்றாவது முயற்சியில் முதல் கட்டத்தையும், முதல் முயற்சியிலேயே சாலைத் தேர்வையும் வென்றார். இப்போது பொட்டலங்கள் விநியோகிக்கும் வேனை ஓட்டுகிறார். லாரி உரிமத்துக்குத் தனித் தேர்வு: 100 கேள்விகளில் 85 சரியாக இருக்க வேண்டும், காணொளியில் 100க்கு 67 பெற வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில்தான். வேலை முடிந்து வந்ததும் அவருடைய குறிப்பேட்டில் இப்போது புதிய சொற்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.