பரிசு எப்போது ஆசையைக் குறைக்கும்?

பிள்ளை ஒன்றை நல்லா செய்தால் பரிசு கொடுப்போம், ஆர்வம் கூடும் என்பது நம்ம கணக்கு. அது எப்பவும் சரிதானா?

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை.

சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டு மறைந்திருந்து கவனித்தார்கள். முதல் குழு வரைந்த நேரம் மற்ற குழுக்களில் சுமார் பாதிதான்!

இங்கேதான் விஷயம் இருக்கு. இரண்டாவது குழுவும் அதே சான்றிதழை வாங்கியது, ஆசை குறையலை. அப்போ கெடுத்தது பரிசு இல்லை. "இதை நான் பரிசுக்காகத்தான் செய்றேன்" என்று மனசு சத்தமில்லாமல் எடுத்துக்கொண்ட முடிவு என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

காலேஜில் ராத்திரி முழுக்க விளையாட்டாக புரோகிராம் எழுதிய என் நண்பர்கள் சிலர், இன்று அப்ரைசலில் வராத எதையும் தொடுவதில்லை. "சோம்பேறி ஆயிட்டேன்" என்கிறார்கள். எனக்கென்னவோ அந்த முதல் குழுதான் ஞாபகம் வருது.

அதற்காகப் பரிசே கூடாது என்றில்லை. பிடிக்காத வேலையைத் தொடங்கி வைக்க அது உதவலாம். ஏற்கெனவே பிடித்ததில்தான் கவனம் வேணும். என் மகளுக்குப் படத்துக்குப் பத்து ரூபாய் பேசிய மாமாவிடம் சொன்னேன்: "எப்பவாவது கொடுங்க மாமா, முன்னாடியே மட்டும் சொல்லாதீங்க."